இன்றைக்கு என்றால் இதை வாங்குவேனா?

என்னிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. பங்கு வாங்கினாலும் சரி, மியூச்சுவல் ஃபண்டில் போட்டாலும் சரி, யாருக்காவது பெரிய தொகையைக் கைமாற்றாகக் கொடுத்தாலும் சரி, அதில் ஒரு பக்கம் எழுதாமல் பணத்தை நகர்த்துவதில்லை. மேலே தேதி. அதன் கீழே மூன்று வரி: ஏன் வாங்குகிறேன், இந்தப் பணம் எனக்கு எப்போது வேண்டும், என்ன நடந்தால் விற்பேன். பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாக இருக்கும். பின்னால் நடந்ததை எழுதுவதற்கு அந்த இடம்.

2014இல் தொடங்கிய பழக்கம் இது. அதற்கு முந்தைய ஏழு வருடங்களில் இழந்த பணத்தைவிட, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தேன் என்று இப்போது நினைவுபடுத்திப் பார்க்க முடியாததுதான் எனக்கு அதிக வருத்தம். காரணம் எழுதி வைக்கப்படாததால் தவறு எங்கே நடந்தது என்றே தெரியாமல் போய்விட்டது. அதனால் அதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தேன்.

முதல் பங்கை 2007 கடைசியில் வாங்கினேன். சந்தை உச்சத்தில் இருந்த நேரம். கூட வேலை பார்த்த நண்பர் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். அந்த நிறுவனத்துக்குக் கடன் எவ்வளவு, லாபம் எங்கிருந்து வருகிறது என்று எதையும் நான் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தேன். கணக்குக்கு வசதியாக, நான் வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம்.

60க்கு இறங்கியது. "ஆவரேஜ் பண்ணிடு" என்றார் நண்பர். குறைந்த விலையில் இன்னும் வாங்கினால் சராசரி விலை இறங்கும் என்பது அவர் கணக்கு. அதே எண்ணிக்கையில் இன்னொரு முறை வாங்கினேன். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. அடுத்த சில வாரங்களில் என் பங்கு 40க்கு வந்தது. மூன்றாவது முறையும் வாங்கினேன். ஆக, என் கையிலிருந்து போனது 200, சராசரி விலை சுமார் 67. சராசரி இறங்குகிறது என்ற ஒன்றே அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரே நிறுவனத்தில் என் சேமிப்பின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்பது கண்ணில் படவில்லை. 2009 மார்ச்சில் விலை 30.

அந்தச் சரிவு யாரையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்துக் கணக்கிடும் எஸ் அண்ட் பி 500 குறியீடே 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச் வரை சுமார் 57 சதவீதம் இறங்கியது. ஆனால் அந்தக் குறியீடு 2013 மார்ச்சில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. என் பங்கு தாண்டவில்லை. சந்தை விழும்போது எல்லாமே சேர்ந்து விழும். எழும்போது எல்லாமே எழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தனி நிறுவனம் ஒன்றுக்கும் மொத்தச் சந்தைக்கும் உள்ள இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஆறு வருடம் ஆனது.

அந்த ஆறு வருடமும் என் வாயில் ஒரே வாக்கியம்தான்: அசல் வந்தால் போதும், வெளியே வந்துவிடுவேன். இடையில் வாங்கிய வேறு இரண்டு பங்குகள் நன்றாக ஏறின. 15 சதவீதம், 20 சதவீதம் லாபம் வந்ததுமே விற்றுவிட்டேன். கிடைத்ததைக் கையில் எடுத்துவிட்ட திருப்தி. நஷ்டத்தில் இருந்ததைத் தொடவே இல்லை. விற்றால்தானே நஷ்டம், அதுவரை அது வெறும் காகிதக் கணக்குதான் என்று நினைத்தேன்.

இதற்கு ஒரு பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டேட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985இல் இதை டிஸ்பொசிஷன் எஃபெக்ட் என்று அழைத்தார்கள். லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்பது, நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது. 1998இல் டெரன்ஸ் ஓடீன் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்தார். மக்கள் லாபத்துக்கு விற்ற பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட, அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் கொடுத்திருந்தன. ஓடுகிற குதிரையை விற்றுவிட்டு நொண்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை.

2014இல் ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். இருபது வருடமாகக் கணக்கு வேலை பார்ப்பவள். என் பங்குக் கணக்கை அவளிடம் காட்டினேன். அப்போது விலை 18. மூன்று பங்குக்கு 54. போட்டது 200. அவள் எதுவும் சொல்லாமல் ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் 54 என்று எழுதினாள். வலது பக்கம் எதுவும் எழுதவில்லை.

"இந்தப் பங்கு உங்கிட்ட இல்லைன்னு வச்சுக்கோ. அதுக்குப் பதிலா இந்த 54 கையில காசா இருக்கு. இன்னைக்குப் போய் இதே பங்கை வாங்குவியாடா?"

"வாங்க மாட்டேன்."

"அப்ப ஏன் தினமும் காலையில எந்திரிச்சு அதையே வாங்கிக்கிட்டிருக்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "அசல் வந்துடட்டும்க்கா, வித்துடறேன்" என்றேன்.

"அசல் வரட்டும். அது இந்தப் பங்குலதான் வரணும்னு யாரு சொன்னா?"

அப்புறம் வலது பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தாள். 54 மறுபடி 200 ஆக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆக வேண்டும், அதாவது இரண்டு முறை இரட்டிப்பாக வேண்டும். 72ஐ வருட வருமான விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 10 சதவீதம் என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு இரட்டிப்புக்குப் பதினாலு வருடம். அதுவும் நன்றாக நடக்கும் முதலீட்டில். இந்த நிறுவனமோ ஐந்து வருடமாக வட்டி கட்டுவதற்கே திணறிக்கொண்டிருந்தது. அவள் பென்சிலைக் கீழே வைத்தபோது எனக்கு வலித்தது உண்மை. ஆனால் ஏழு வருடத்தில் முதல்முறையாக, பழைய விலையை விட்டுவிட்டு இன்றைய நிலையைப் பார்த்தேன்.

மறுநாள் விற்றேன். வந்த பணத்தை, ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில் போட்டேன். நான்கு மாதம் கழித்து அந்தப் பங்கு 25க்கு ஏறியது. வயிற்றில் ஏதோ புரண்டது போல இருந்தது. உடனே அக்காவுக்கு போன் செய்தேன். "25க்கு இப்ப வாங்குவியா?" என்று மட்டும் கேட்டாள். மாட்டேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் நோட்டு வாங்கினேன்.

நஷ்டம் ஏன் இப்படி ஆளைக் கட்டிப்போடுகிறது என்பதற்கு டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் விளக்கம் இருக்கிறது. மனிதர்கள் தங்களிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மனதில் நட்டுவைத்த ஒரு புள்ளியிலிருந்து ஏறியதா இறங்கியதா என்றுதான் பார்க்கிறார்கள். அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நஷ்டம் தரும் வலி பெரிது. சுமார் இரண்டு மடங்கு என்பது அவர்களுடைய பிற்கால மதிப்பீடு. எனக்கு அந்தப் புள்ளி 100. சராசரி 67 ஆன பிறகும் மனதில் இருந்தது 100தான். அக்கா செய்ததெல்லாம் அந்தப் புள்ளியைப் பிடுங்கி 18இல் நட்டதுதான்.

மூன்று வரிகளில் எது கடினம் என்று கேட்டால், மூன்றாவது வரி. "என்ன நடந்தால் விற்பேன்" என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத வேண்டும். வாங்கிய பிறகு நாம் நடுநிலையாக இருப்பதில்லை. அந்தப் பங்கு நம்முடையதாகிவிடுகிறது, அதைப் பற்றிய நல்ல செய்தி மட்டும் காதில் விழுகிறது. அதனால் வாங்காத நிலையில் இருக்கும் நான், வாங்கிவிட்ட எனக்கு எழுதிக்கொடுக்கும் கடிதம் என்று அந்த வரியை வைத்துக்கொண்டேன். "இரண்டு வருடம் தொடர்ந்து கடன் கூடினால்", "நான் வாங்கிய காரணம் இனி இல்லை என்றால்" என்பது போல எழுதுவேன். விலையை வைத்து எழுதுவதை வேண்டுமென்றே தவிர்த்தேன். தினமும் வாங்கி விற்கும் வர்த்தகருக்கு ஸ்டாப் லாஸ், அதாவது இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற முன் உத்தரவு, தேவைப்படலாம். நான் அந்த ஆள் இல்லை.

ஆனால் நோட்டு இருந்தும் ஒரு முறை அடிபட்டேன். அந்த அடி இரண்டாவது வரியில் விழுந்தது.

2018இல் எழுதிய ஒரு பக்கம். "எப்போது வேண்டும்" என்ற இடத்தில் என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது: 2020 ஜூன், வீட்டுக்கு முன்பணம். இரண்டே வருடம். அதற்கு மேல் வரியில் "ஏன்" என்ற இடத்தில் பங்குச்சந்தை ஃபண்டின் பெயரை எழுதி, கடந்த சில வருடங்களாக நன்றாகக் கொடுக்கிறது என்று எழுதியிருக்கிறேன். இந்த இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது இப்போது பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. எழுதினேன், படிக்கவில்லை.

2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை, ஐந்தே வாரத்தில், எஸ் அண்ட் பி 500 சுமார் 34 சதவீதம் விழுந்தது. என் ஃபண்டும் கிட்டத்தட்ட அதே அளவு விழுந்தது. முன்பணம் கட்டும் தேதி நகரவில்லை. ஏப்ரலில் விற்றேன், பற்றாக்குறைக்குக் கடன் வாங்கினேன். ஆகஸ்டில் அந்தக் குறியீடு பழைய உச்சத்தைத் தொட்டபோது என்னிடம் யூனிட்கள் இல்லை. மீட்சியில் பங்கு கிடைக்காமல் சரிவை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டேன்.

"பொறுத்திருந்தால் சந்தை திரும்ப வந்துவிடும்" என்று சொல்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, எத்தனை வருடம் பொறுக்க முடியும் என்பதுதான். ஜப்பான் பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று ஓர் உச்சத்தைத் தொட்டது. அதை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்று. 34 வருடம். 2020இல் ஐந்து மாதத்தில் திரும்பியதும் அதே வகையான சந்தைதான். எது எப்போது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நமக்குத் தெரிந்த ஒரே தேதி, நமக்குப் பணம் வேண்டிய தேதி. அந்தத் தேதி ஐந்து வருடத்துக்குள் இருந்தால் அந்தப் பணத்தை இப்போது நான் பங்குப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. வைப்புத்தொகை, குறுகிய காலக் கடன்பத்திரம், அவ்வளவுதான். வருமானம் குறைவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். அந்தப் பணத்தின் வேலை வளர்வது இல்லை, அந்த நாளில் முழுதாக இருப்பது.

அதே மார்ச்சில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரிவின் நடுவே ஒரு இரவு, ஓய்வுக்காலத்துக்கான ஃபண்டையும் சேர்த்து விற்றுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். எழுதாமல் எதுவும் செய்வதில்லை என்பதால் நோட்டைத் திறந்தேன். 2015இல் எழுதிய பக்கம் வந்தது. இரண்டாவது வரி: 2040க்குப் பிறகு. மூன்றாவது வரி: "விலை இறங்கியது என்பதற்காக விற்கக் கூடாது. பாதியாக இறங்கினாலும்." என் கையெழுத்து, நீல மை, "பாதியாக" என்பதன் கீழே இரண்டு கோடு. ஐந்து வருடத்துக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் எனக்குச் சொல்வது போல இருந்தது. போனை வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வர நேரமானது, ஆனால் விற்கவில்லை.

ஒரே மாதத்தில் ஒரு பக்கம் என்னைக் காப்பாற்றியது, இன்னொரு பக்கம் எச்சரித்தும் நான் கேட்கவில்லை.

அந்தக் கடனுக்குப் பிறகு செய்த முதல் வேலை, ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்தது. வட்டி அதிகமான கடன் இருக்கும்போது முதலீடு செய்வதையும் நிறுத்தினேன். 15 சதவீத வட்டிக் கடனை அடைப்பது என்றால், சந்தேகமே இல்லாத 15 சதவீத வருமானம். அப்படி ஒன்றை எந்தச் சந்தையும் உறுதியாகத் தராது.

காப்பீட்டையும் முதலீட்டையும் கலந்த ஒரு திட்டம் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். எனக்கு அதை விற்க வந்தவர் சொன்னது: வருடத்துக்கு 10 என்ற கணக்கில் பதினைந்து வருடம் கட்டுங்கள், முடிவில் 200 கையில் வரும். கட்டுவது 150, வருவது 200, மூன்றில் ஒரு பங்கு லாபம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலை நோட்டோடு உட்கார்ந்தேன். முதல் தவணை பதினைந்து வருடம் அங்கே இருக்கும், கடைசித் தவணை ஒரு வருடம்தான் இருக்கும். ஆக ஒவ்வொரு தவணையும் சராசரியாக எட்டு வருடம். எட்டு வருடத்தில் 33 சதவீதம் என்றால், கூட்டு வட்டியில் வருடத்துக்குச் சுமார் 3.5 சதவீதம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறினால், காகிதத்தில் லாபம் தெரியும்போதே வாங்கும் சக்தி குறைந்துகொண்டிருக்கும். மொத்தத் தொகையாகச் சொல்லப்படும் எந்த வாக்குறுதியையும் வருட விகிதமாக மாற்றாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால், இறந்தால் மட்டும் பணம் தரும் வெறும் டேர்ம் காப்பீடு. வளர்ச்சி வேண்டும் என்றால் தனியாக முதலீடு.

கட்டணமும் இதே மாதிரி சின்னதாகத் தெரியும் விஷயம். வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் என்றால் யாருக்கும் உறைப்பதில்லை. 8 சதவீதம் வளரும் பணம் 30 வருடத்தில் பத்து மடங்கு ஆகும். ஒன்றரை சதவீதத்தைக் கழித்து 6.5 சதவீதம் வளர்ந்தால் 6.6 மடங்குதான். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. சாதாரண முதலீட்டாளர்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை ஜான் போகிள் 1976இல் கொண்டுவந்தபோது அவர் வாதமும் இந்தக் கணக்குதான்.

அடிக்கடி வாங்கி விற்பதும் ஒரு கட்டணம்தான். பிராட் பார்பரும் ஓடீனும் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு வருடம் 11.4 சதவீதம் கிடைத்தது. சந்தை கொடுத்தது 17.9. இதைப் படித்த பிறகு போனில் வரும் விலை அறிவிப்புகளை எல்லாம் நிறுத்தினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன், அது போதுமானதாகவே இருக்கிறது.

எவ்வளவு பங்கில், எவ்வளவு பாதுகாப்பான இடத்தில் என்ற கேள்விக்கு நான் பல இரவுகள் சூத்திரம் தேடியிருக்கிறேன். போர்ட்ஃபோலியோவை, அதாவது ஒருவருடைய முதலீடுகளின் தொகுப்பை, பரவலாக்குவதற்கே கணிதம் எழுதி, 1990இல் நோபல் பரிசும் பெற்ற ஹாரி மார்க்கோவிட்ஸ், தன் சொந்த ஓய்வூதியப் பணத்தை ஒரு காலத்தில் பங்குக்குப் பாதி, கடன்பத்திரத்துக்குப் பாதி என்று பிரித்தார். சந்தை ஏறும்போது தான் உள்ளே இல்லையே என்றும், விழும்போது முழுக்க உள்ளே இருக்கிறேனே என்றும் பின்னால் வருந்தக் கூடாது என்பதுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. நம்மால் விடாமல் வைத்திருக்க முடிகிற கலவைதான் நமக்கான கலவை. என்னுடையது பங்கில் 60 சதவீதம். 2020க்கு முன் 85 வைத்திருந்தேன். அந்த இரவில் போனைக் கையில் எடுக்க வைத்தது அந்த 85தான்.

கடைசியாகப் போன வருடம் எழுதிய ஒரு பக்கம். பழைய நண்பர் ஒருவர் ஒரு புதிய நிறுவனத்தின் பங்கைச் சொன்னார். ஆர்வமாகத்தான் இருந்தது. தேதி போட்டேன். "ஏன்" என்ற இடத்தில் நான்கு வார்த்தை எழுதினேன், அவர் சொன்னதையே. "எப்போது வேண்டும்" என்பதற்கு எழுதிவிட்டேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. அந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்றே எனக்கு விளங்காதபோது, என்ன நடந்தால் அது கெட்டுப்போனதாக அர்த்தம் என்று எப்படி எழுதுவேன்? வாங்கவில்லை.

எட்டு மாதத்தில் அது இரட்டிப்பானது. கீழ்ப்பாதியில் அதையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: வாங்கவில்லை, இரட்டிப்பானது. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். எடுத்த முடிவு சரியாக இருந்தும் பலன் வேறாக வரலாம், தவறான முடிவுக்கும் லாபம் வரலாம். 2007இல் அந்தப் பங்கு ஏறியிருந்தால் நான் என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பி இன்னும் பெரிய தொகையைக் கொண்டுபோய்க் கொட்டியிருப்பேன். பலனை மட்டும் எழுதி வைத்தால் இந்த வேறுபாடு தெரியாது, அதனால்தான் மேல்பாதியும் கீழ்ப்பாதியும்.

போன மாதம் அக்கா வந்தபோது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் நின்றாள். காலியாக இருந்த மூன்றாவது வரியைப் பார்த்தாள், கீழே "இரட்டிப்பானது" என்று எழுதியிருந்ததையும் பார்த்தாள்.

"இப்ப எழுத முடியுமாடா அந்த வரியை?"

"இல்லக்கா, இப்பவும் தெரியல."

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.